புட்டுக்குள் குளிசையை ஒளிக்கலாமா?

ஸ்காபரோவிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 69 வயது. 1990களில் வடமராட்சியிலிருந்து கனடா வந்து, இன்று மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வாழ்கிறார். சைவ உணவுதான். 14 வருடங்களாகச் சீனி வருத்தம். பிரஷர் அதற்கும் முன்பிருந்தே உண்டு. மாரடைப்போ பாரிசவாதமோ வந்ததில்லை. சீனிக்கு மெட்ஃபோர்மின், கொலஸ்ட்ரோலுக்கு ஒரு ஸ்டாட்டின், பிரஷருக்கு ரமிப்ரிலும் உடம்பின் நீரை இறக்கும் குளிசை ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பல வருடங்களாகப் பார்த்த குடும்ப வைத்தியர் ஓய்வுபெற்ற பிறகு, ஒரு கிளினிக்கில் நேர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர், அதாவது மருந்து எழுதவும் அதிகாரம் உள்ள, மேல்பயிற்சி பெற்ற தாதி ஒருவர், அம்மாவைப் பார்க்கிறார். முதல் சந்திப்பிலேயே அவர், பழைய வைத்தியர் 12 வருடங்களாகக் கொடுத்துவந்த 81 மில்லிகிராம் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லிவிட்டார். "டொக்டர் கொடுத்ததை நிறுத்த ஒரு தாதிக்கு என்ன தெரியும்?" என்பது அம்மாவின் கேள்வி. பழைய போத்தலில் மிஞ்சியதை இன்னமும் விழுங்கிவருகிறார். ஆனால் நிறுத்தச் சொல்லாத ஸ்டாட்டினை இரண்டு மாதங்களுக்கு முன் தானாகவே நிறுத்திவிட்டார். உறவினர் ஒருவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளியில், ஸ்டாட்டின் தசையைத் தின்றுவிடும் என்று ஆய்வில் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார்களாம். கால் உளைவு இன்னும் போகவில்லை, பாதமும் எரிகிறது, அதற்குத் தினமும் இரவில் இபுபுரோஃபென் போட்டுக்கொள்கிறார் என்று மகள் ஒரு வரியில் எழுதியிருக்கிறார். இரவில் எடுத்தால்தான் நல்லது என்று எங்கோ படித்து, பிரஷர் குளிசையையும் காலையிலிருந்து இரவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இதற்கிடையில், சீனி வருத்தம் உள்ளவர்களின் இருதயத்தைப் பற்றிய மருந்து ஆய்வொன்றில் சேர விருப்பமா என்று ஒரு போதனா வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. "என்னைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்று அம்மா மறுக்கிறார். மகளுக்கோ ஆசை: பெரிய வைத்தியர்கள் நேரில் பார்ப்பார்கள், புதிய மருந்து இலவசமாகக் கிடைக்கும்.

கேள்விகள் மூன்று. டொக்டர் இருக்கும் கிளினிக்குக்கு மாறுவதா? ஸ்டாட்டினை இடித்துப் புட்டுக்குள் கலந்து கொடுக்கலாமா? அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது என்பதால் ஆய்வுப் படிவத்தில் மகளே கையெழுத்திடலாமா?

அன்புத் தங்கைக்கு,

நானும் ஒரு நேர்ஸ் பிராக்டிஷனர்தான். எனவே உங்கள் முதல் கேள்வியில் நான் முழுக்க நடுநிலையானவள் அல்ல. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. அவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் என்னிடம் இல்லை. நான் எழுதுவதை வைத்து எந்தக் குளிசையையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். அவரைப் பார்ப்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பதிலைப் பயன்படுத்துங்கள்.

முதலில் அந்த இபுபுரோஃபென்

நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ரமிப்ரில், நீர் இறக்கும் குளிசை, இபுபுரோஃபென் ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் சேரும்போது சிறுநீரகம் வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தம் மூன்று பக்கத்திலிருந்தும் குறைகிறது. ரமிப்ரில் சிறுநீரக வடிகட்டியின் வெளிவாசலைத் தளர்த்துகிறது. இபுபுரோஃபென் உள்வாசலை இறுக்குகிறது. நீர் இறக்கும் குளிசை ஓடவேண்டிய திரவத்தையே குறைக்கிறது. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடம்பு வறண்டுபோனால், 69 வயதில் சீனி வருத்தமும் உள்ள ஒருவருக்குச் சில நாட்களிலேயே சிறுநீரகம் மோசமாகப் பாதிக்கப்படலாம். இபுபுரோஃபென் பிரஷரையும் ஏற்றும். போதாததற்கு, மிச்ச ஆஸ்பிரினும் உள்ளே போகிறது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது.

குளிசைகள் கிட்னியைப் பழுதாக்கிவிடும் என்று அம்மா பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆட்களிடம் நான் மிக அதிகமாகக் கேட்கும் பயம் இது. அந்தப் பயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. அது தவறான போத்தலில் ஒட்டப்பட்டிருக்கிறது. சீனியும் பிரஷரும் வருடக்கணக்கில் கட்டுக்கு மீறி இருப்பதுதான் சிறுநீரகத்தை அரிக்கிறது. ரமிப்ரில் போன்ற குளிசையை, சீனி வருத்தத்தால் சிறுநீரில் புரதம் ஒழுகுபவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே கொடுக்கிறோம். யாருடைய சீட்டும் இல்லாமல் கடையில் வாங்கும் வலிக் குளிசையை எவரும் சந்தேகிப்பதில்லை.

இன்றைக்கே உங்கள் மருந்தாளரிடம் போங்கள். சீட்டில் உள்ளது, இல்லாதது, ஊரிலிருந்து வந்த தூள், எண்ணெய் என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிக்கு அசெட்டமினோஃபென் (ஊரில் பரசிட்டமோல் என்போம்) போதுமா, எவ்வளவு எடுக்கலாம் என்று கேளுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினினும், சிறுநீரில் ஒழுகும் புரதமான அல்புமினும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று கிளினிக்கில் விசாரியுங்கள். மலம் தார் போலக் கறுத்தால், தலைச்சுற்றி விழுந்தால், சிறுநீர் வெகுவாகக் குறைந்தால், சந்திப்புத் தேதிக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

புட்டும் குளிசையும்

வேண்டாம், தங்கச்சி. நீங்கள் அன்பினால் கேட்கிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. இரவில் அம்மாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்கும் பிள்ளைதான் இப்படியொரு கேள்வியைக் கேட்பாள். ஆனாலும் வேண்டாம்.

இதில் உடனடியான ஆபத்துகள் உண்டு. அம்மா மனம் மாறித் தன் போத்தலிலிருந்தும் எடுக்கத் தொடங்கினால் அளவு இரட்டிப்பாகும். இடிக்கக் கூடாத குளிசைகளும் இருக்கின்றன. அடுத்த இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் இறங்கியிருந்தால், மருந்தில்லாமலே இறங்கிவிட்டது என்று அம்மாவும் நம்புவார், அவருடைய வார்த்தையைக் கேட்டுச் சிகிச்சை அளிப்பவரும் நம்புவார். அந்தப் பொய்க் கணக்கின் மேல் அடுத்த முடிவு எழுதப்படும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதது திறனின்மை ஆகாது. நீங்கள் ஏற்காத முடிவை எடுப்பதும் திறனின்மை ஆகாது. ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்புச் சம்மதச் சட்டம், திறன் உள்ள ஒருவருக்கு அவருடைய சம்மதமில்லாமல் சிகிச்சை கொடுக்க எங்களைப் போன்றவர்களை அனுமதிப்பதில்லை. வீட்டுச் சமையலறைக்கு அந்தச் சட்டம் வராது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஒருநாள் புட்டில் கசப்புத் தட்டினால், அம்மா அதன் பிறகு உங்கள் கையால் நிம்மதியாக ஒரு பிடி சாப்பிடுவாரா? அந்த நம்பிக்கையை எந்தக் குளிசையாலும் திருப்பித் தர முடியாது.

கால் உளைவுக்கு யார் காரணம்

உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஸ்டாட்டினை நிறுத்தி இரண்டு மாதமாகியும் உளைவு போகவில்லை என்கிறீர்கள். ஸ்டாட்டினால் வந்த தசைநோவு என்றால், நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் தணியத் தொடங்கும். பாதம் எரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எரிவு தசையின் மொழி அல்ல, நரம்பின் மொழி.

14 வருடச் சீனி வருத்தம் பாதத்து நரம்புகளைத் தொட்டிருக்கலாம். அதோடு, மெட்ஃபோர்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைவது நன்கு அறியப்பட்ட விஷயம். மரக்கறி உணவில் பி12 இல்லை. சைவம் உண்பவர்களுக்குப் பாலும் தயிரும்தான் முக்கிய வழி. வயது, சைவம், மெட்ஃபோர்மின் மூன்றும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. குறைந்த பி12 காலில் எரிவு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, விறைப்பு எல்லாவற்றையும் தரும், களைப்பையும் தரும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் எளிது. பி12, தைரோயிட், தசையில் சேதம் இருக்கிறதா என்று காட்டும் சிகே ஆகியவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையையும் கேளுங்கள். மிகக் கடுமையான தசை வலியோடு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அது வேறு கதை. ஸ்டாட்டின் எடுக்கும் எவருக்கும் அது அவசர நிலை.

இனி அந்தக் காணொளி. ஸ்டாட்டினால் தசை வலி வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வருகிறது. எத்தனை பேருக்கு என்பதுதான் கேள்வி. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஸ்டாட்டினையும் மருந்தில்லாத வெற்றுக் குளிசையையும் ஒப்பிட்ட 19 ஆய்வுகளில் பங்கேற்ற 1,23,940 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 விழுக்காட்டினருக்குத் தசை வலியோ சோர்வோ இருந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 26.6 விழுக்காட்டினருக்கும் அது இருந்தது. வயதாகும்போது தசை வலிக்கிறது. எந்தக் குளிசை கையில் இருக்கிறதோ அதன் மேல் பழி விழுகிறது.

எனக்கு இதைவிடவும் மனத்தில் நின்றது, லண்டனில் நடந்து 2020இல் வெளியான சாம்சன் என்ற சிறிய ஆய்வு. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு 12 போத்தல்கள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்றுக் குளிசை, நான்கு காலிப் போத்தல்கள். மாதத்துக்கு ஒரு போத்தல். தினமும் உபாதையை 0 முதல் 100 வரை எண்ணால் குறிக்க வேண்டும். குளிசையே இல்லாத மாதங்களில் சராசரி 8.0. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்றுக் குளிசை மாதங்களில் 15.4. ஸ்டாட்டினுக்கும் வெற்றுக் குளிசைக்கும் இடையே வித்தியாசம் அநேகமாக இல்லை! ஆனால் இரண்டும் காலிப் போத்தலைவிட இரு மடங்கு. குளிசை விழுங்குகிறோம் என்ற எண்ணமே உடம்பில் வலியாக எழுந்தது. அந்த வலி பொய்யல்ல. அதை அனுபவித்தவர்கள் நடிக்கவில்லை. தங்கள் சொந்தக் குறிப்புகளைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப்பேர் மீண்டும் ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள். யாரும் அவர்களுடைய சாப்பாட்டில் கலந்து கொடுக்கவில்லை. எண்களைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் அம்மா போன்றவர்களுக்கு, அதாவது சீனி வருத்தம் உண்டு, மாரடைப்பு வந்ததில்லை என்பவர்களுக்கு, ஸ்டாட்டின் என்ன செய்யும் என்பதற்கும் நேரடிப் பதில் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,838 பேரிடம் நடந்து 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரிய நிகழ்வுகளை 37 விழுக்காடு குறைத்தது. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்டதற்கு இரண்டு வருடம் முன்பே ஆய்வை நிறுத்தினார்கள்.

அம்மா எடுத்தது ரொசுவாஸ்டாட்டின் என்றால், இன்னொரு விஷயம் பேச வேண்டும். ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்து இரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. அதனால் குறைந்த அளவில் தொடங்கும்படி மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது. அளவைக் குறைப்பதும் வேறொரு ஸ்டாட்டினுக்கு மாறுவதும் முடியும். அம்மா "விட்டுவிட்டேன்" என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் இந்த வழிகள் திறக்கும்.

ஆஸ்பிரினும் அந்தத் தாதியும்

பழைய வைத்தியர் தவறு செய்யவில்லை. புதியவரும் தவறு செய்யவில்லை. இதை அம்மாவுக்கு விளக்குவதுதான் கடினம். ஏனென்றால், ஒருவர் சரி என்றால் மற்றவர் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சீனி வருத்தக்காரருக்குத் தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின் கொடுப்பது பரவலான வழக்கம். மாரடைப்பு வந்தவர்களுக்கு அது பயன் தந்தது. வராதவர்களுக்கும் தரும் என்று எதிர்பார்த்தார்கள். 2018இல் அந்த எதிர்பார்ப்பு சோதனைக்கு வந்தது. பிரிட்டனில் நடந்த அசெண்ட் ஆய்வில், சீனி வருத்தம் உள்ள, ஆனால் இருதய நோய் இல்லாத 15,480 பேரைச் சராசரியாக ஏழரை வருடம் கவனித்தார்கள். ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை வந்தன, எடுக்காதவர்களில் 9.6. நன்மை இருக்கிறது. ஆனால் பெரிய இரத்தப்போக்கு, எடுத்தவர்களில் 4.1 விழுக்காடு, எடுக்காதவர்களில் 3.2. ஆயிரம் பேருக்குக் கணக்குப் பார்த்தால், 11 பேர் ஒரு பக்கம் தப்புகிறார்கள், 9 பேர் மறுபக்கம் சிக்குகிறார்கள். அதே வருடம் வெளிவந்த ஆஸ்ப்ரீ ஆய்வில், அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேருக்கு, நோய்நொடியின்றி வாழும் காலத்தை ஆஸ்பிரின் நீட்டவில்லை, இரத்தப்போக்கைத்தான் கூட்டியது. உங்கள் அம்மா எழுபதை நெருங்குகிறார். அந்த நேர்ஸ் பிராக்டிஷனர் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்.

ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் (அடைபட்ட இருதய இரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர்காக்கும் மருந்து. இந்தப் பதிலைப் படித்துவிட்டு உங்கள் பெரியப்பா தன் ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது.

அந்த நேர்ஸ் பிராக்டிஷனரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 12 வருடப் பழக்கத்தை ஒரு வாக்கியத்தில் நிறுத்தினால் நம்பிக்கை உடையும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். அடுத்த முறை அதை நீங்கள் கேட்டுப் பெறுங்கள். அது சலுகை அல்ல.

டொக்டருக்கு மாற வேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 1998 முதல் நேர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு நோயைக் கண்டறியவும், பரிசோதனைகளுக்கு அனுப்பவும், மருந்து எழுதவும் சட்டப்படி அதிகாரம் உண்டு. அதற்கும் முன்பே எங்களை ஆய்வு செய்து பார்த்துவிட்டார்கள். 1971 ஜூலை முதல் 1972 ஜூலை வரை, ஸ்காபரோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கார்ப் பயணத்தில் உள்ள பர்லிங்டனில், குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியை வைத்தியர்களும் மறுபகுதியைப் பெரும்பாலும் நேர்ஸ் பிராக்டிஷனர்களும் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் இறப்பிலோ, உடல் இயக்கத்திலோ, மனநிலையிலோ வித்தியாசம் இல்லை. இரு பகுதியினருக்கும் திருப்தி. அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மாறுவது அவருடைய உரிமை. ஆனால் புதிய இடம் கிடைக்கும்வரை இதை விட்டுவிடாதீர்கள். எவரும் பார்க்காத ஆறு மாதம்தான் சீனி வருத்தக்காரருக்கு மிக மோசமான தெரிவு.

பிரஷர் குளிசையைக் காலையில் எடுப்பதா, இரவிலா? 2019இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு ஆய்வு, இரவில் எடுத்தால் மாரடைப்பும் பாரிசவாதமும் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்றது. உலகம் முழுவதும் செய்தியானது. பிறகு பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022இல் வந்த டைம் ஆய்வும், கனடாவின் ஐந்து மாகாணங்களில் 3,357 பேரிடம் நடந்த பெட்மெட் ஆய்வும் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. இந்தப் பிந்தைய செய்திகளை உங்களுக்கு யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். மறக்காமல் எடுக்கக்கூடிய நேரமே நல்ல நேரம். நீர் இறக்கும் குளிசையை மட்டும் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இரவில் அதை எடுத்துவிட்டு, இருட்டில் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

வீட்டில் பிரஷர் ஏறி இறங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் இருதய உயரத்தில் வைத்து, பேசாமல் எடுத்துப் பாருங்கள். 2024இல் வந்த ஒரு ஆய்வில் கையை மடியில் வைத்ததற்கே மேல் எண் சராசரியாக 4 புள்ளி கூடியது. பக்கத்தில் தொங்கவிட்டால் ஆறரை.

ஆய்வு அழைப்பு

"சோதனை எலி" என்று அம்மா சொன்னதை அறியாமை என்று நினைக்காதீர்கள். அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது, இந்த மண்ணிலேயே இருக்கிறது. 1942 முதல் 1952 வரை கனடாவில் பழங்குடிச் சமூகங்களிலும், பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளிலும், பட்டினியாலும் சத்துக் குறைவாலும் வாடிய பிள்ளைகள் மேல், அவர்களுக்கோ பெற்றோருக்கோ விளக்கிச் சம்மதம் பெறாமல், சத்துணவுப் பரிசோதனைகள் நடந்தன. இப்படிப்பட்ட கொடுமைகளுக்குப் பிறகுதான் இன்றைய பாதுகாப்புகள் வந்தன. ஆய்வுகளுக்கு நிதி தரும் மூன்று கூட்டரசு நிறுவனங்கள் 1998இல் கொண்டுவந்து பின்னர் திருத்திய நெறிமுறைக் கொள்கையின்படி, ஆய்வு தொடங்குமுன் ஒரு நெறிமுறைச் சபை அதை ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். புதிய மருந்தென்றால் கூட்டரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் அனுமதியும் வேண்டும். பங்கேற்பவர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் அவருடைய வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. கையெழுத்திட்டதால், பாதிப்பு ஏற்பட்டால் வழக்குத் தொடரும் உரிமை போய்விடாது. ஒருமுறை கையெழுத்திட்டால் மீள முடியாது என்று அம்மா நம்புகிறாரே, அது சரியல்ல என்று சொல்லுங்கள்.

ஆனால் உங்களுடைய நம்பிக்கையையும் நான் திருத்த வேண்டியிருக்கிறது. ஆய்வு என்பது அம்மாவுக்கான சிறப்புச் சிகிச்சை அல்ல. அது ஒரு கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி. புதிய மருந்து கிடைக்குமா, வெற்றுக் குளிசை கிடைக்குமா என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கலாம். எது கிடைத்தது என்பது வைத்தியருக்கே தெரியாமல் இருக்கலாம். புதியது நல்லது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்படாது. அம்மாவுக்குத் தனிப்பட்ட நன்மை எதுவும் இல்லாமலும் போகலாம்.

அப்படியானால் ஏன் ஒருவர் சேர வேண்டும்? 2000ஆம் ஆண்டில், ஹமில்டன், ரொறன்ரோ, எட்மன்டன் நகரங்களில் 985 பேரைப் பார்த்த ஷேர் ஆய்வு, தெற்காசியர்களுக்கு ஐரோப்பிய, சீன வம்சாவளியினரைவிட இருதய நோய் அதிகம் என்று காட்டியது. 2007இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் பகுப்பாய்வில் இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. இவற்றையெல்லாம் நாம் அறிவது, நம்மைப் போன்றவர்கள் யாரோ கையை நீட்டி இரத்தம் கொடுத்ததால்தான். மேலே நான் சொன்ன கார்ட்ஸ், அசெண்ட், ஆஸ்ப்ரீ ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அந்த முடிவுகளை உங்கள் அம்மாவுக்குப் பொருத்தும்போது எனக்குள் எப்போதும் சின்னத் தயக்கம் இருக்கும். எங்கள் அம்மாக்களும் கணக்கில் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் என் ஆசைக்காக உங்கள் அம்மா கையெழுத்திடக் கூடாது. உங்கள் ஆசைக்காகவும் கூடாது.

ஆகவே, நீங்கள் கையெழுத்திட முடியாது. திறன் உள்ளவர் தானே சம்மதிக்க வேண்டும். மொழி தெரியாது என்பதற்காகத் தக்க காரணமின்றி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றும் மேலே நான் சொன்ன நெறிமுறைக் கொள்கை சொல்கிறது. தமிழில் விளக்கம் கேளுங்கள், குடும்பத்துக்கு வெளியே உள்ள மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்த்தால், உங்களை அறியாமலே அம்மாவின் பயங்களை மென்மையாக்கிவிடுவீர்கள். நான் என் சொந்த அம்மாவுக்கு அதைச் செய்திருக்கிறேன், பின்னர் வருந்தியிருக்கிறேன்.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்படுத்தினால் அதுவே மறுக்கப் போதுமான காரணம். இப்போதைய குளிசைகளில் எதையாவது நிறுத்த வேண்டுமா, எத்தனை முறை வர வேண்டும், வந்துபோகும் செலவை யார் கொடுப்பார்கள், கெடுதல் நேர்ந்தால் சிகிச்சையை யார் பொறுப்பேற்பார்கள், எடுக்கும் இரத்தத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், ஆய்வு முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று அம்மாவே கேட்கட்டும். ஸ்டாட்டினை விட்டதையும் ஆஸ்பிரினையும் இபுபுரோஃபெனையும் மறைக்கக் கூடாது. அதை மறைத்துச் சேர்ந்தால் முதலில் ஆபத்துக்குள்ளாவது அவர்தான்.

அடுத்த கிளினிக் சந்திப்புக்கு முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். மருந்துப் பையை அம்மாவின் மடியில் கொடுங்கள். நேர்ஸ் பிராக்டிஷனருக்கு எதிரே உள்ள கதிரையில் அவர் இருக்கட்டும். நீங்கள் ஒரு கதிரை தள்ளி இருங்கள். "ஏன் என் ஆஸ்பிரினை நிறுத்தினீர்கள்?" என்று அவர் தன் வாயால் தமிழில் கேட்கட்டும். பதில் முழுவதும் வரும்வரை நீங்கள் இடையில் பேசாதீர்கள்.

பி12 அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா